உப்பு முட்டை கத்துது

— உப்பு போட்ட முட்டை குஞ்சு பொரிக்குமா அக்கா?

— என்னது?

— சும்மா கேக்குறேன். சாம்பலும் உப்பும் போட்டு மூடி வெச்ச முட்டை. மூணு வாரம் ஆச்சு. அது பொரிக்குமா?

— ஏன்டா மெல்கி, பட்டப்பகல்லயே கள்ளு குடிச்சுட்டு வந்திருக்கியா?

— கடவுள் சத்தியமா தண்ணியைத் தவிர வேற எதையும் தொடலக்கா.

— அப்ப உட்காரு. கெனாரிக் கொட்டை மலையாக் குவிஞ்சு கெடக்கு. உன் பொண்ணு கல்யாணப் பலகாரத்துக்குத்தான். அந்தக் கல்லை எடுத்து உடை. உடைச்சுக்கிட்டே பேசு.

— நான் ஒரு கூட்டாளிக்காகத்தான் கேக்க வந்தேன்.

— யாரு அந்தக் கூட்டாளி?

— உங்களுக்குத் தெரியாது.

— நாப்பது வீட்டு ஊர்ல கடலுக்கும் கரைக்கும் நான்தான் காவல் தலைவி. எந்த நண்டு எந்த வளையில கெடக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத கூட்டாளியா?

— எதிர்க்கரைக் கூட்டாளி.

— எதிர்க்கரைக்காரன் எதுக்குடா இந்த யோசினாகிட்ட வரணும்? அவங்க ஊருக்குத் தனியா காவல் இல்லையா?

— அந்த ஊர்க் காவல்காரங்க கோவக்காரங்கக்கா. உங்களை மாதிரி தங்கமான மனசு...

— கொட்டையை உடை.

— உடைக்கிறேன். அந்தக் கூட்டாளி ஒரு பெட்டியில அறுபது முட்டை வெச்சிருக்கான். கீழ சாம்பலும் உப்பும், மேல சாக்கு. ரொட்டி சுடுற அடுப்புக்குப் பின்னால, யாரு கண்ணுலயும் படாத மாதிரி. இன்னைக்குக் காலைல அந்தப் பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வருது. கீச், கீச்னு.

— பல்லியா இருக்கும்.

— பல்லின்னா ஒன்னு கத்தும். இது ஏழெட்டு ஒரே நேரத்துல கத்துது.

— திறந்து பாத்தானா உன் கூட்டாளி?

— இல்ல.

— மூணு வாரமாவா?

— வெச்ச அன்னைக்குப் பாத்ததோட சரி. அந்தப் பக்கமே போறதில்ல. பாக்காம இருந்தா, அது அங்க இல்லாத மாதிரி ஒரு நிம்மதி.

— நல்ல நிம்மதி. என்ன முட்டை அது?

— முட்டைதான். ஒரு பக்கம் உருண்டையா, ஒரு பக்கம் கூர்மையா.

— கோழி முட்டையா, வாத்து முட்டையா?

— அந்த மாதிரிதான். கொஞ்சம் சின்னது.

— புள்ளி இருக்குமா?

— புள்ளின்னா... அது வெளிச்சத்தைப் பொறுத்துக்கா. ஆ! ஐயோ!

— விரலை ஏன்டா உடைக்கிறே? கொட்டையை உடைன்னுதானே சொன்னேன். வாயில வெச்சுக்கோ. சரி, இப்ப உன்னால பேச முடியாது, நான் பேசுறேன். இந்தக் கடல்ல புள்ளி போட்ட முட்டை இடுறது ஆலாப் பறவை. அது வந்து இடுற இடம் வெள்ளைமணல் திட்டு. அந்தத் திட்டை யாரும் தொடக்கூடாதுன்னு சபையில ஜெபம் பண்ணி நாம சாசி போட்டு மூணு வாரம் ஆச்சு. உன் கூட்டாளி முட்டை எடுத்தும் மூணு வாரம். மிச்சக் கதையை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— கூட்டாளிதான்க்கா...

— அந்தக் கூட்டாளிக்கு வர்ற சனிக்கிழமை பொண்ணு கல்யாணமா?

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— பாவி. பாவி! உன்னைத் தம்பின்னு சொல்லிக்கிறதுக்கு ஒரு கடல் ஆமையைத் தம்பின்னு சொல்லிக்கலாம். அது முட்டை இடத்தான் கரைக்கு வரும், திருட வராது.

— மெதுவா பேசுங்கக்கா. பக்கத்து வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும். அன்னைக்கு ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு அழுதது யாரு? 'ஆலா வட்டம் போடுற இடத்துலதான் சூரை மீன் இருக்கு. ஆலாதான் என் கண்ணு. அது இல்லேன்னா எங்க படகு குருட்டுப் படகு'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டது யாரு?

— நான்தான்.

— 'வருஷா வருஷம் முட்டையைக் கூடைகூடையா அள்ளிட்டுப் போனா பறவை வானத்துல இருந்தா குதிக்கும்? முட்டை விக்கிற பொம்பளைங்களுக்கு ஈவிரக்கம் இல்லையா?'ன்னு கேட்டது யாரு?

— அதுவும் நான்தான். அதைக் கேட்டதுக்கு டோர்ச்சே ரெண்டு நாள் எனக்கு சாகோக் களிகூடக் கிண்டித் தரலக்கா.

— தருவாளா பின்ன? முட்டை விக்கிற பொம்பளைங்களுக்கு உன் பொண்டாட்டிதானே தலைவி! அவளைப் படிய வைக்க நான் மூணு வருஷம் நடந்திருக்கேன். 'படகுக்காரங்களுக்கு மீன் வேணும்னா நாங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்?'னு கேட்டா. நியாயம்தானே? கடைசியில என்ன ஒப்பந்தம் போட்டோம், சொல்லு.

— நாலு மாசம் திட்டைத் தொடக்கூடாது. அதுக்குப் பதிலா, பத்து சூரை பிடிச்சா ஒன்னு அந்தப் பொம்பளைங்க கூடைக்கு.

— மீறினா?

— படகுக்காரன் ஒருத்தன் மீறினா, பொம்பளைங்க மறுநாளே திட்டுக்குப் போய் முட்டை அள்ளலாம். பொம்பளைங்கள்ல ஒருத்தி மீறினா, நாங்க பங்கு தர வேண்டாம்.

— நல்லா ஞாபகம் வெச்சிருக்கியே! நீ யாரு?

— படகுக்காரன்.

— வெறும் படகுக்காரனா? படகு முன்முனையில, அணியத்துல நின்னு பறவை பாக்குறவன். உன் கை எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம்தான் படகே திரும்பும். உன்னை நம்பி முப்பது வீட்டுல உலை வைக்கிறாங்க. நீ போய் ஆலா முட்டையைத் திருடியிருக்கே!

— திருட்டுன்னு சொல்லாதீங்க. சாசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தேன்க்கா. ஆமென் சொன்ன பிறகுதானே சாசி?

— அது எப்படி முன்னாடி ஆகும்?

— அந்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பல்வலின்னு சொன்னேன்ல?

— ஆமா. உனக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணினோம்.

— அந்த நேரத்துல நான் சின்ன வள்ளத்துல திட்டுக்குப் போயிட்டேன். எப்பவும் பழைய பாஸ்டர் என்ன பண்ணுவார்? பாட்டு, பிரசங்கம், காணிக்கை, எல்லாம் முடிஞ்சுதானே சாசி ஜெபம்? ஆமென்னதும் மணி அடிக்கும். மணிச் சத்தம் திட்டு வரைக்கும் கேக்கும். மணி அடிச்சதும் எடுக்கிறதை நிறுத்திடணும்னு கண்டிப்பா இருந்தேன்க்கா. கையில இருந்த கடைசி முட்டையைக்கூடக் கீழ வெச்சுட்டேன்.

— அடேங்கப்பா, எவ்வளவு நேர்மை!

— எனக்கு எப்படித் தெரியும், இந்தப் புதுப் பாஸ்டர் நகரத்துல இருந்து வந்தவர், எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணுவார்னு? சாசி ஜெபத்தை முதல்லயே முடிச்சுட்டாராம். அப்புறம்தான் பிரசங்கமாம். மணி மட்டும் கடைசியில. அதுவும் ஒன்றரை மணி நேரப் பிரசங்கம்!

— அப்ப நீ எடுத்த அறுபதுல ஆமெனுக்கு முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனை?

— அதைத்தான் நான் மூணு வாரமா யோசிக்கிறேன். எந்த முட்டை சுத்தமான முட்டை, எந்த முட்டை பாவ முட்டைன்னு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

— எதுக்குடா உனக்கு இந்த வேலை?

— கல்யாணத் தட்டுக்குக்கா. பொண்ணு வீட்டுல இருந்து சம்பந்தியம்மாவுக்கு ஆலா உப்பு முட்டை அறுபது வைக்கணும்ல? டோர்ச்சே வீட்டுல எங்கம்மாவுக்கு நூறு வெச்சாங்க.

— இந்த வருஷம் கோழி முட்டை வெச்சாப் போதும்னு நான்தான் வீடுவீடாச் சொன்னேனே!

— சொன்னீங்க. எதிர்க்கரைக்காரங்க வாயை உங்களுக்குத் தெரியாது. கோழி முட்டையைக் கொண்டுபோய் வெச்சா, என் லெனியைச் சாகுற வரைக்கும் 'கோழி வீட்டுப் பொண்ணு'ன்னு கூப்பிடுவாங்க. ஒரே பொண்ணுக்கா எனக்கு. அவ தலை குனிஞ்சு அந்த வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒன்னும் இல்ல.

— அழாதே. கொட்டை நனையுது.

— அழல. விரல் வலிக்குது.

— அதனாலதான் உங்க படகு மூணு வாரமா வெறுங்கூடையோட வருதா?

— வேற எப்படி வரும்? அணியத்துல ஏறி நிக்கிறேன். ஆலா வருது. தலையைத் தூக்கிப் பாக்க முடியலக்கா. அது என்னையே பாக்குற மாதிரி இருக்கு. 'எங்கடா என் புள்ளை?'ன்னு கேக்குற மாதிரி இருக்கு. அது கிழக்கே பறந்தா நான் மேற்கே கையைக் காட்டிடுறேன். தூண்டிக்காரப் பசங்க கம்பைப் பிடிச்சுக்கிட்டு என் முதுகையே மொறைக்கிறாங்க. முந்தாநாள் ஒருத்தன் கேட்டான், 'மெல்கி மாமா, உங்களுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சா?'ன்னு.

— கண்ணுல இல்ல, மனசுல.

— அது மட்டும்னா பரவால்லக்கா. பாஸ்டரை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

— பாஸ்டருக்கு என்ன?

— என்னவா? மூணு வாரமா வயிறு ஊதிக் கெடக்குறார். போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தைப் பாதியில விட்டுட்டுப் பின்பக்கம் ஓடினாரே, நீங்க பாக்கல? சாசியை மீறினா வயிறு ஊதும்னு நம்ம ஊர்ல பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

— மீறினவன் வயிறுதான்டா ஊதும். உன் வயிறு முதுகோட ஒட்டித்தானே கெடக்கு?

— அதான் எனக்கும் புரியல. ஜெபம் பண்ணினது அவர்ங்கிறதால என்னைத் தேடி வந்த சாபம் வழி தவறி அவர் வயித்துக்குப் போயிடுச்சோ என்னவோ.

— சாசி தப்பான ஆளைப் பிடிக்காது. எங்கப்பா காலத்துல இருந்து காவல் காக்குறோம். ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல.

— அப்ப இது எப்படி? அவர் எழுந்து நிக்கலேன்னா சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணத்தை யாரு நடத்தி வைப்பா? வேற தீவுல இருந்து பாஸ்டரைக் கூப்பிட்டா அடுத்த மாசம்தான் வருவாராம். மாப்பிள்ளை சனிக்கிழமை விட்டா கப்பல் வேலைக்குப் போயிடுவான், ரெண்டு வருஷம் திரும்ப மாட்டான். தப்பு பண்ணினவன் சபை முன்னாடி நின்னு சொன்னாத்தான் அவர் வயிறு வத்தும். சொன்னேன்னா ஒப்பந்தம் போச்சு, திட்டு போச்சு, என் மானம் போச்சு, சம்பந்தி வீடு போச்சு. சொல்லலேன்னா கல்யாணமே போச்சு. இதுல உப்பு முட்டை வேற உள்ள இருந்து கத்துது! நான் எங்கக்கா போவேன்?

— பாஸ்டர் வீட்டுக்காரங்களுக்கும் மண்டை குழம்பிப்போச்சுன்னு நெனைக்கிறேன். நேத்து கிணத்தடியில பாஸ்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது. வயிறு சரியில்லாதப்பவும் அவர் காலைல அதைத்தான் கேக்குறார்'ங்கிறாங்க. நான் அவங்களுக்கு எதையுமே சமைச்சுக் கொடுத்தது இல்ல. வேற யாரையோ நெனச்சுப் பேசுறாங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

— பாவம், புருஷன் கவலையில புத்தி கலங்கியிருக்கு. அதுவும் என்னாலதான்.

— எல்லாத்தையும் உன் தலையிலயே தூக்கி வெச்சுக்காதே. எனக்கும் ஒரு தலைவலி இருக்கு. சாசி போட்ட மறுநாளே அந்தத் திட்டுல யாரோ ஒரு வேலை பண்ணியிருக்காங்க. நீ இல்ல, அது பொம்பளைக் காலடி. ஒரு பொருளை வெச்சுட்டுப் போயிருக்கா. அதைப் பேர் சொல்லக்கூடாது, சொன்னா அது முழிச்சுக்கும். கொண்டுபோய் பாஸ்டர் வீட்டுல ஒப்படைச்சுட்டேன். அதுல இருந்து ஊர்ப் பொம்பளைங்க காலையெல்லாம் உத்து உத்துப் பாத்துக்கிட்டுத் திரியுறேன்.

— சூனியமாக்கா?

— பேர் சொல்லாதேன்னேன்ல!

— சொல்லல, சொல்லல. அக்கா, இப்ப நான் என்ன பண்றது?

— நான் காவல்காரி, மெல்கி. என் தம்பிங்கிறதுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? ஞாயித்துக்கிழமை நீ எழுந்து நிக்கணும். நான் உன் பக்கத்துல நிக்கிறேன். அதுதான் என்னால முடிஞ்சது. அது எனக்குச் சுலபம்னு நெனைக்காதே.

— லெனி முகத்தை எப்படிக்கா பாப்பேன்?

— மதினி! என் வீட்டுக்காரர் இங்க வந்தாரா?

— ஐயோ, டோர்ச்சே! இல்லேன்னு சொல்லுங்கக்கா.

— அந்தக் குரல் யாருது மதினி?

— உள்ள வா டோர்ச்சே. இருக்கான்.

— யோவ், மேசைக்கு அடியில என்னய்யா தேடுறே?

— கொட்டை உருண்டு வந்துருச்சு.

— உருண்டு வந்தது கொட்டை இல்ல, நீ. வெளிய வா. இந்தா பாரு, இந்த முண்டாசுத் துணியில என்ன இருக்குன்னு பாரு.

— கீச்சுங்குது. அக்கா, கீச்சுங்குது! இதான் சத்தம்!

— கையை நீட்டு.

— வேணாம் டோர்ச்சே. அதைத் திட்டுல கொண்டுபோய் விட்டுடு. நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு.

— யாருகிட்ட சொல்றது? கண்ணைத் திற.

— அது என்னைப் பாக்குதா?

— பாக்குது.

— மூக்கு நீளமா, கூர்மையா இருக்கா?

— கட்டையா, மஞ்சளா இருக்கு.

— கால் விரலுக்கு நடுவுல தோல் இருக்கா?

— இல்ல.

— சாபத்துல உருவமே மாறிப் போச்சு...

— கோழிக்குஞ்சுய்யா! நம்ம செவலைக் கோழியோட குஞ்சு! மதினி, இந்த மனுஷனைப் பாத்தீங்களா? மூணு மைலுக்கு அப்பால பறக்குறது ஆலாவா, கடல்காக்காவான்னு சொல்லுவார். உள்ளங்கையில ஒக்காந்திருக்குற கோழிக்குஞ்சு தெரியல!

— சிரிக்காதீங்கக்கா. டோர்ச்சே, நான் வெச்சது ஆலா முட்டை. அதுல எப்படிக் கோழி வரும்?

— நீ வெச்சது அன்னைக்கே போயாச்சு. என் அடுப்புக்குப் பின்னால ஒரு பெட்டியை ஒளிச்சு வைப்பே, எனக்குத் தெரியாதா? அங்க கெடக்குற ஒரு விறகு நகர்ந்தாக்கூட எனக்குத் தெரியும். அந்த ஞாயித்துக்கிழமை நீ சாப்பிட்டுட்டுக் குறட்டை விட்டப்பவே திறந்து பாத்துட்டேன். பல்வலிக்காரர் நல்லாத்தான் குறட்டை விட்டார்! எண்ணினேன், அறுபது. காலிப் பெட்டி எதுக்கு வீணாக் கெடக்கணும்னு செவலைக் கோழியை அதுல அடை வெச்சேன். இன்னையோட இருபத்தொரு நாள். எட்டு குஞ்சு.

— அப்ப என் முட்டை?

— உன் முட்டையா? நீயா இட்டே? ஆலா முட்டை. திருப்பி வெச்சுட்டு வந்துட்டேன்.

— எங்க?

— எங்க எடுத்தியோ அங்க. திட்டுல.

— டோர்ச்சே! நீயா திட்டுல கால் வெச்சே?

— கால் வைக்காம வள்ளத்துல இருந்து எறியவா முடியும் மதினி? முட்டை ஒடஞ்சு போகாதா?

— சாசி போட்ட இடம்! எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது, காவல்காரியைத் தவிர யாரும் மிதிக்கவே கூடாது! அந்தச் சின்னக் காலடி உன்னுதா? உன் காலை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லையே. திட்டுல சாசி வேணாம்னு மூணு வருஷம் என்கூடச் சண்டை போட்டவளாச்சே நீ!

— சண்டை போட்டது சாசி வேணாம்னு இல்ல மதினி. முதல்ல இருபதுக்கு ஒரு மீன் தர்றேன்னீங்க. சண்டை போட்டேன், பதினஞ்சுக்கு ஒன்னு ஆச்சு. இன்னும் சண்டை போட்டேன், பத்துக்கு ஒன்னு ஆச்சு. சந்தையில உட்கார்ற பொம்பளை முதல் விலைக்கே சரின்னு சொல்லுவாளா?

— அடிப்பாவி.

— முட்டை ரெண்டு மாச வியாபாரம். சூரை வருஷம் முழுக்க வரும். இது தெரியாமலா நான் தலைவியா இருக்கேன்? இவர் முட்டையைத் திருடினது வெளிய தெரிஞ்சா ஒப்பந்தம் ஒடஞ்சுடும். எங்க பதினாலு பொம்பளைங்களுக்கும் பங்கு மீன் போயிடும். அதான் விடிஞ்சும் விடியாம வள்ளத்தை எடுத்தேன்.

— எனக்காக இல்லையா டோர்ச்சே?

— உனக்காக எதுக்குய்யா? ...கொஞ்சம் உனக்காகவும்தான். அணியத்துல நீ தலை குனிஞ்சு நிக்கிறதைக் கரையில இருந்து பாக்க வேண்டி வருமேன்னு நெனச்சேன். அது நல்லா இருக்காது. பத்தொன்பது வருஷமா அந்தத் தலை நிமிர்ந்துதான் பாத்திருக்கேன்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— நீயா வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். மூணு வாரம்! குஞ்சே பொரிச்சு வெளிய வந்துருச்சு, உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரல.

— ஆலா உன்னைச் சும்மா விட்டுச்சா?

— எங்க விட்டுச்சு? மண்டையிலயே கொத்துச்சு. இருபது வருஷமாக் கொத்துது, நானும் கூடையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுத் திட்டிக்கிட்டே எடுப்பேன். அன்னைக்கு முட்டையைக் கீழ வெச்சுட்டு நிமிர்றேன், ஒன்னு நல்லா இறங்கிக் கொத்துச்சு. முதல் தடவையா, 'கொத்து, உனக்கு உரிமை இருக்கு'ன்னு தோணுச்சு மதினி.

— அது சரி. சட்டம்னு ஒன்னு இருக்கே. எடுத்தது ஒரு குத்தம், வெச்சது ஒரு குத்தம். படகுக்காரனும் மீறியாச்சு, முட்டைக்காரியும் மீறியாச்சு. நான் இப்ப என்ன பண்றது?

— கழிச்சுடுங்க. அறுபது எடுத்தாச்சு, அறுபது வெச்சாச்சு. மிச்சம் ஒன்னும் இல்ல.

— சாசி என்ன உன் சந்தைத் தராசா?

— சம்பந்தியம்மாவைப் பத்திக் கவலைப்படாதீங்க. கோழி முட்டை அறுபது உப்புப் போட்டு ரெண்டு வாரமாச்சு. மேல புள்ளி வெச்சுக் கொடுத்துடலாமான்னுகூட யோசிச்சேன். லெனிதான் வேணாம்னுட்டா. 'கோழி வீட்டுப் பொண்ணுன்னா சொல்லட்டும்மா, கோழி நல்ல பறவைதானே'ங்கிறா.

— லெனிக்கும் தெரியுமா?

— அவதானேய்யா வள்ளம் தள்ளினா!

— எனக்கு மட்டும்தான் தெரியல. என் வீட்டுலேயே, பறவை பாக்குற நான் ஒருத்தன்தான் குருடு.

— இரு மெல்கி. டோர்ச்சே, ஒன்னு கேக்குறேன். பெட்டியில இருந்து எடுத்த முட்டையில சாம்பல் இருந்திருக்குமே. துடைச்சியா?

— துடைக்க எங்க நேரம்? ஆளு நடமாட்டம் வர்றதுக்குள்ள திரும்பணும். அப்படியேதான் வெச்சேன்.

— சாம்பலோடயேவா?

— ஆமா. குழிக்கு ஒன்னு, ரெண்டா.

— அறுபதும்?

— அறுபதும். ஏன் மதினி? கொட்டை உடைக்கிறதை நிறுத்திட்டீங்க?

— அக்கா, உங்க முகம் ஏன் சாம்பலா ஆயிடுச்சு?

— டோர்ச்சே, அந்த முட்டை இப்ப திட்டுல இல்ல.

— பொரிச்சிருச்சா?

— நான் அள்ளிட்டேன்.

— நீங்களா!

— அன்னைக்கு மத்தியானம் காவலுக்குப் போனேன். பொம்பளைக் காலடி. குழி குழியா சாம்பல் பூசின முட்டை. எவளோ திட்டையே அழிக்கச் சூனியம் வெச்சுட்டான்னு நெனச்சேன். பறவையைக் காப்பாத்தணும்னு ஒன்னுவிடாமப் பொறுக்கிட்டேன். நீ எடுத்தே, அவ வெச்சா. ஆனா அந்த அறுபது முட்டையும் திட்டை விட்டுப் போனது என் கையாலதான். காவல்காரி கையால! நான் இதை எங்க போய்ச் சொல்லுவேன்?

— அழாதீங்க மதினி. ஆலா முட்டை போச்சுன்னா மறுபடி இடும். நேத்துகூட வள்ளத்துல போறப்ப தள்ளி நின்னு பாத்தேன், திட்டு முழுக்க வெள்ளையா அடை உட்கார்ந்திருக்கு. இருங்க, அள்ளின முட்டையை என்ன பண்ணினீங்க?

— பாஸ்டர் வீட்டுல கொடுத்தேன். அவர்தானே சூனியத்தை ஜெபம் பண்ணிப் புதைக்கணும்? அவர் வீட்டுல இல்ல. பேர் சொன்னா முழிச்சுக்குமேன்னு, கூடையில துணி மூடி, பாஸ்டரம்மா கையில வாயைத் திறக்காமக் கொடுத்துட்டு வந்தேன். பாத்தா அவருக்கே தெரியும்னு நெனச்சேன்.

— சாம்பல் பூசின முட்டை.

— ஆமா.

— கூடையில, துணி மூடி.

— ஆமா.

— ஐயோ மதினி! நம்ம ஊர்ல உப்பு முட்டையை வேற எப்படிக் கொடுப்பாங்க? அவங்க நகரத்து மனுஷங்க. ஆலா முட்டை எது, வாத்து முட்டை எதுன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? அதுல உப்புகூடச் சரியா ஏறல, ஒரு நாள்தானே பெட்டியில இருந்துச்சு! மூணு வாரமா அது எப்படிக் கெட்டுப்போயிருக்கும்!

— கைப்பக்குவம்... 'உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது'ன்னு பாஸ்டரம்மா சொன்னாங்களே அக்கா!

— காலைல அதைத்தான் கேக்குறார்னு சொன்னாங்கடா.

— போய் மிச்ச முட்டையைப் பிடுங்கிட்டு வாங்க மதினி, சனிக்கிழமைக்குள்ள வயிறு வத்திடும். கல்யாணம் நடக்கும்.

— அப்ப ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி யாருக்கா நிக்கிறது?

— எடுத்தவன் நீ நில்லு, வெச்சவ இவ நிக்கட்டும், அள்ளினவ நானும் நிக்கிறேன். ஆனா வரிசையில முதல் ஆளு, அதைத் தின்ன பாஸ்டர்தான். சாசி தப்பான ஆளைப் பிடிக்காதுன்னு நான் சொன்னேன்ல?